சாவி யார் கையில்?

வீட்டில் ஒருவர் மனநலச் சிகிச்சையில் இருந்தால் இன்னொருவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்குமா? மனு போடுபவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. சட்டமும் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டை ஒட்டிய ஒரு தெரு. வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கக்கத்தில் ஃபைலை இடுக்கிக்கொண்டு ஏட்டு உள்ளே வருகிறார். வீட்டுக்காரர் ராணுவத்தில் சேவை முடித்துத் திரும்பியவர். வங்கியில் கன்மேன் வேலை பேசி வைத்திருக்கிறார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் வேலை. மனு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது, விசாரிக்க ஏட்டு வந்திருக்கிறார். "வீட்ல வேற யாரு சார் இருக்கீங்க?" "அம்மா, வீட்டம்மா, ரெண்டு பிள்ளைக, தம்பி." "தம்பி என்ன பண்றாப்ல?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "ஒடம்பு சரியில்ல சார், வீட்லதான் இருக்கான்." ஃபிரிட்ஜ் மேல் கிடந்த மாத்திரை அட்டையை வீட்டம்மா சட்டென்று எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறார். பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் மாதாமாதம் போய் வாங்கிவரும் மாத்திரை அது. ஏட்டு இன்னும் இரண்டு கேள்வி கேட்டு, டீயைக் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்டு கிளம்புகிறார்.

இன்ன வீட்டில் இன்ன நாளில் நடந்தது என்று இதைச் சொல்லவில்லை. துப்பாக்கிக்கு மனுப் போட்ட எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதை ஒரு வீட்டில் வைத்துக் காட்டியிருக்கிறோம். அந்த விசாரணையில் மறைக்கப்பட்டது மாத்திரை அட்டை. கேட்கப்படாமல் போனது வேறொன்று: துப்பாக்கி வந்தால் எங்கே இருக்கும், தோட்டா எங்கே இருக்கும், பூட்டின் சாவி யாரிடம் இருக்கும்? இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். உறவினரின் நோயைக் காரணம் காட்டி ஒருவருக்கு லைசென்ஸை மறுப்பது சட்டப்படியும் தவறு, பாதுகாப்புக்கும் கேடு. ஆனால் அதே வீட்டில் துப்பாக்கி யார் கைக்கு எட்டும் என்று விசாரிக்காமல் லைசென்ஸ் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறைச் செய்யப் பயந்து இரண்டாவதைச் செய்கிறவர்களும், இரண்டாவதைத் தவிர்ப்பதாக நினைத்து முதல் தவறைச் செய்கிறவர்களும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். இருவருமே நோயைப் பார்க்கிறார்கள், துப்பாக்கி இருக்கப்போகும் வீட்டைப் பார்ப்பதில்லை.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

வில்லாபுரம் மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் வருவதால் இங்கே லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. மாநகர எல்லையைத் தாண்டிக் கிராமப்பக்கம் போய்விட்டால் அது மாவட்ட ஆட்சியருக்கு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016 ஜூலையில் வந்த ஆயுத விதிகளும் இரண்டு இடத்துக்கும் பொது. மனுதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் மருத்துவர் சான்று வேண்டும். போதைப்பழக்கத்துக்கு அடிமை இல்லை என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை அனுப்பும். விண்ணப்பப் படிவத்தில் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு: வீட்டில் வேறு யாரிடமாவது லைசென்ஸ் இருக்கிறதா என்று. துப்பாக்கியையும் தோட்டாவையும் வைக்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி உண்டு. அதற்கு 'இருக்கிறது' என்று ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். இரும்பு அலமாரியா, மர பீரோவா, கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியா என்பதை அந்த ஒரு சொல் சொல்வதில்லை.

மறுக்கும் அதிகாரம் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் இருக்கிறது. மனுதாரர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்றோ, வேறு எந்தக் காரணத்தாலோ தகுதியற்றவர் என்றோ அதிகாரி கருதினால் மறுக்கலாம். பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ அவசியம் என்று கருதினாலும் மறுக்கலாம். இதில் உறவினர் எங்கே வருகிறார்? பெயர் சொல்லி எங்கும் வரவில்லை. 'வேறு எந்தக் காரணத்தாலோ', 'பொதுப் பாதுகாப்பு' என்ற இரண்டு அகலமான வாசல்களில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் அவரை உள்ளே இழுத்துவர வேண்டும். அப்படி இழுத்துவர நினைப்பவர் இன்னொரு சட்டத்தையும் படித்தாக வேண்டும். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்திருக்க வேண்டும் என்கிறது. நோயாளியையே சட்டம் இவ்வளவு கவனமாகக் காக்கும்போது, அவருடைய அண்ணனை அவர் பெயரால் தகுதியற்றவராக்க என்ன நியாயம் இருக்கிறது?

இதற்காகத் துப்பாக்கி ஒருவரின் பிறப்புரிமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் மீண்டும் தெளிவாகச் சொல்லிவிட்டது. லைசென்ஸ் அரசு கொடுக்கும் அனுமதி. கொடுப்பதா வேண்டாமா என்பதில் அதிகாரிக்குக் கணிசமான சுதந்திரம் உண்டு. ஆனால் அந்தச் சுதந்திரம் காரணத்தோடு கட்டப்பட்டது. மறுத்தால் ஏன் என்று எழுத்தில் பதிய வேண்டும்; மனுதாரர் கேட்டால், பொதுநலனுக்குப் பாதகம் என்று கருதினாலொழிய, அந்தக் காரணத்தைக் கொடுக்கவும் வேண்டும். 'தம்பிக்கு மனநலச் சிகிச்சை' என்பது மட்டுமே எழுதப்பட்ட காரணமாக இருந்தால் மேல்முறையீட்டில் அது நிற்பது கடினம். 'அந்த வீட்டில் துப்பாக்கியைத் தனியே பூட்டி வைக்க வசதி இல்லை, மனுதாரர் ஏற்பாடு செய்யவும் தயாராக இல்லை' என்று எழுதியிருந்தால் அது உறுதியாக நிற்கும். இரண்டாவதை எழுத வேண்டுமானால் விசாரணைக்குப் போனவர் பீரோவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

┌──────────────
பெட்டிச் செய்தி: சட்டம் சுருக்கமாக

ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். 2019 வரை இது 3 ஆக இருந்தது.

லைசென்ஸின் ஆயுள் 5 ஆண்டு. 2019 திருத்தத்துக்கு முன் 3 ஆண்டு.

பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கப்படும் சாதாரண ஷாட்கன்னின் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம்.

கொடுத்த லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 17-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.
└──────────────

பத்தில் ஒருவர்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது என்று அது கண்டது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர். மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கத்தால் வரும் கோளாறு, மனச்சிதைவு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இப்போது மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, மாமா, சித்தப்பா, பெரியம்மா, மச்சான் என்று விரிந்தால் இருபது முப்பது பெரியவர்களைச் சொல்லலாம். அவர்களில் ஒருவர்கூட மனநல மருத்துவரிடம் போக வேண்டிய நிலையில் இல்லாத குடும்பம் அபூர்வம். உறவினருக்கு நோய் என்பதைத் தகுதிக்குறைவாக வைத்தால், மனுப் போட்ட எல்லோருமே தகுதி இழப்பார்கள். நடைமுறையில் இழப்பவர்கள் யார் என்றால், உண்மையைச் சொன்னவர்கள் மட்டுமே. சிகிச்சைக்கே போகாத குடும்பத்தில் ஆவணம் இல்லை, அக்கம்பக்கத்துக்கும் தெரியாது. அவர்கள் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். முறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், சீட்டு வைத்திருந்து, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பம்தான் மாட்டும். இரண்டில் எந்த வீட்டில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று யோசித்தால் இந்த வடிகட்டி தலைகீழாக வேலை செய்வது புரியும்.

'அது ரத்தத்திலேயே ஓடும்' என்ற பேச்சு நம் ஊரில் பலமானது. சில மனநோய்களில் மரபுக்குப் பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் சாத்தியம் கூடுவது வேறு, நோய் வந்துவிட்டது என்பது வேறு. மனச்சிதைவு உள்ளவர்களின் உடன்பிறப்புகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. மனுதாரருக்கு ஏதாவது இருக்கிறதா என்பதைப் பார்க்கத்தான் அவருக்கென்று தனியாக மருத்துவச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றை ஒழுங்காக, உட்காரவைத்துப் பேசிக் கொடுக்கச் செய்வது, பத்து உறவினர்களின் கதையைத் தோண்டுவதைவிடப் பயன் தரும்.

மறைப்பின் விலையை இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்ட நிலையில் மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோயை ஊரார் கண்ணில் படாமல் எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று குடும்பங்கள் நினைத்ததற்குப் பின்னால் வறுமையும் இருந்தது, வெட்கமும் இருந்தது. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இருக்கின்றன. சிகிச்சைக்கு வருவதே கௌரவக் குறைவு என்ற நிலையிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில், 'சீட்டு இருந்தால் அண்ணன் லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் வேலை போய்விடும்' என்ற பயம் ஒரு வீட்டில் புகுந்தால் முதலில் நிற்பது மாத்திரை. நின்ற மாத்திரையால் நோய் முற்றும். முற்றிய நோயோடு அதே வீட்டுக்குத் துப்பாக்கியும் வந்து சேரும்.

ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து?

வில்லாபுரம் என்ற பெயரை வெளியூர்க்காரர்களும் அறிந்தது 1997 ஏப்ரல் 23 அன்று. குடிநீருக்காகப் போராடிய மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி பட்டப்பகலில் இதே பகுதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைச் செய்தவர்களை உந்தியது பகையும் ஆதாயமும்; எவருடைய மனநோயும் அதில் இல்லை. 2011 ஜூலை 3 அன்று சென்னை தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்புக்குள் பாதாம் கொட்டை பொறுக்கப் போன 13 வயதுச் சிறுவனைச் சுட்டவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. துப்பாக்கியை எப்படிக் கையாள வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது. மறு ஆண்டு அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர்களின் கணக்கில், சமூகத்தில் நடக்கும் வன்முறையில் தீவிர மனநோயால் விளைவது சுமார் 4 சதவீதம். மீதி 96-க்குக் காரணம் கோபம், குடி, பகை, பணம், நிலம், ஆதிக்கம். இவற்றை விசாரணையில் தேடுவது கஷ்டமான வேலை. மாத்திரை அட்டையைத் தேடுவது சுலபம்.

இப்படிச் சொல்வதால், நோயுள்ளவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியால் ஒரு ஆபத்தும் இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆபத்து உண்டு. ஆனால் ஊர் பயப்படும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் உண்டு. நோயாளி பிறரைத் தாக்குவார் என்பதைவிட, தாங்க முடியாத ஒரு பொழுதில் தன்னையே முடித்துக்கொள்ளக்கூடும் என்பதுதான் பெரிய ஆபத்து. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். நாட்டிலேயே மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இதில் துப்பாக்கியின் பங்கு மிகச் சிறிது, ஏனென்றால் நம் வீடுகளில் துப்பாக்கி சிறிது. துப்பாக்கி இருக்கிற வீட்டில் கணக்கு மாறுகிறது. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, துப்பாக்கி கைக்கு எட்டும் இடத்தில் வாழ்பவர்களுக்குத் தற்கொலை அபாயம் சுமார் மூன்று மடங்கு என்று கண்டது. கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரை நடந்த ஆய்வு, தனக்கென்று துப்பாக்கி இல்லாமல், துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களைப் பின்தொடர்ந்தது. அவர்கள் கொலையாகும் விகிதம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல். வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 84 சதவீதம் பெண்கள். அங்கே கைத்துப்பாக்கி, இங்கே ஷாட்கன். அங்குள்ள சூழல் வேறு, இங்குள்ளது வேறு. அந்த எண்களை அப்படியே மதுரைக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஒன்று பொருந்தும்: லைசென்ஸில் ஒருவர் பெயர்தான் இருக்கும், விளைவோ வீட்டிலுள்ள எல்லோர் மேலும் விழும். ஏட்டின் விசாரணையில் வீட்டம்மாவிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

துப்பாக்கி ஒருவருடையது, நெருக்கடி இன்னொருவருடையது என்பதற்குத் தமிழ்நாடே பார்த்த உதாரணம் 2023 ஜூலை 7 அன்று கோவையில் நடந்தது. கோவை சரக டி.ஐ.ஜி. சி. விஜயகுமார், தம் பாதுகாவலரின் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்ததை உயர் அதிகாரிகளே அன்று சொன்னார்கள். அந்தத் துப்பாக்கி பாதுகாவலர் பொறுப்பில் முறைப்படி இருந்தது. அவருடைய தகுதியில் யாரும் குறை காண முடியாது. காவல்துறைக்குள்ளேயே, பயிற்சி பெற்றவர்கள் நடுவிலேயே இது நேர்ந்தது என்பதை ஒவ்வொரு லைசென்ஸ் அதிகாரியும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2007 டிசம்பரில் ஹரியானாவின் குர்காவ் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் சக மாணவனைச் சுட்டுக் கொன்றது அவர்களில் ஒருவனின் தந்தை லைசென்ஸோடு வைத்திருந்த துப்பாக்கியால். 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூடவுன் ஊரில் 20 வயது இளைஞன் முதலில் தாயையும், பிறகு பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றது அந்தத் தாய் சட்டப்படி வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகளால். இவற்றில் மனநோய் இருந்த கதையும் உண்டு, இல்லாத கதையும் உண்டு. எடுக்கக்கூடிய இடத்தில் துப்பாக்கி இருந்தது என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

பூட்டு மட்டும் போதுமா?

'அப்படியானால் பூட்டிவைக்கச் சொன்னால் தீர்ந்தது' என்று முடித்துவிட முடியாது. நமக்குப் பக்கத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது, துப்பாக்கியில் இல்லை, பூச்சிமருந்தில். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பினரும் ஒரு முயற்சி செய்தார்கள். விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைத்தார்கள். தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். 2013-இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை தந்தன. அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன. சிறிய முயற்சிதான், இரண்டே கிராமங்கள்தான். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலோ 180 கிராமங்களில், 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் பெரிய ஆய்வு நடந்தது. அங்கே பூட்டுப் பெட்டியை வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். 2017-இல் முடிவு வந்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் சாவி வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த இடத்தில்தான் இருக்கும். மருந்து தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். அதே இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளையே படிப்படியாகத் தடை செய்தபோது தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

இதிலிருந்து துப்பாக்கிக்கு இரண்டு முடிவுகளை எடுக்கலாம். ஒன்று, வீட்டுக்குள் ஒரு பூட்டு என்பது குறைந்தபட்சம். அதன் சாவி வீட்டில் ஆணியில் தொங்கினால் பூட்டு இருந்தும் இல்லை. மற்றொன்று, பூச்சிமருந்தைப் போலத் துப்பாக்கி கடைத்தெருவில் கிடைக்காது. அதனால் வீட்டை விட்டு அது வெளியே போய்விட்டால் உண்மையிலேயே வெளியே போனதுதான். தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் ஆயுதம் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்பிப்பவர்களில் பெரும்பாலோர் பிறகு வாழவே விரும்புகிறார்கள் என்பது தற்கொலைத் தடுப்புத் துறையில் பல பத்தாண்டு அனுபவம். நாள் மோசமாகும்போது துப்பாக்கியை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும், நிலைமை சரியானதும் திரும்ப எடுத்துவர வேண்டும். இதற்கு நாம் புதிதாக எந்த ஏற்பாட்டையும் உருவாக்க வேண்டியதில்லை. தேர்தல் வந்தாலே லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 முதல் ஜூன் முதல் வாரம் வரை நடத்தை விதிகள் இருந்தன. ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தவர்கள் தேர்தல் முடிந்ததும் அதே ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. வாக்குப்பெட்டிக்காகச் செய்ய முடிகிறதை வீட்டிலுள்ள ஒரு உயிருக்காகச் செய்ய முடியாதா?

இன்னொன்றும் கவனத்தில் இருக்க வேண்டும். மருத்துவச் சான்று, விசாரணை எல்லாம் லைசென்ஸ் வாங்கும் நாளின் நிலைமையைக் காட்டுபவை. லைசென்ஸ் ஓடுவது 5 ஆண்டு. இரண்டாவது ஆண்டில் மகனுக்கு மனச்சோர்வு வரலாம், மூன்றாவது ஆண்டில் அம்மாவுக்கு மறதிநோய் வரலாம், மனுதாரரே குடிக்கத் தொடங்கலாம். மனு போட்ட நாளில் உறவினர்களை எவ்வளவு குடைந்து விசாரித்திருந்தாலும் இவை தெரிந்திருக்காது. ஆகவே நோயைக் கேட்கும் ஒற்றை விசாரணையால் பயனில்லை. நிலைமை மாறும்போது குடும்பமே தயங்காமல் வந்து ஒப்படைக்க வழி இருக்க வேண்டும். ஒப்படைத்ததற்காக லைசென்ஸ் ரத்தாகாது என்ற உறுதி கொடுத்தால்தான் யாரும் வருவார்கள்.

மறுப்பவர்கள் சொல்வது

'சந்தேகம் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்காமலே இருப்பதுதான் பத்திரம்' என்பது முதல் எதிர்வாதம். வலுவான வாதம்தான். ஆனால் யார் வீடு சந்தேகத்துக்குரியது என்பதை மாத்திரை அட்டையை வைத்துத் தீர்மானித்தால், மறைத்தவர்களுக்குக் கொடுத்து, சொன்னவர்களுக்கு மறுக்கிறோம். பத்திரமும் வராது, நியாயமும் வராது. நோயுள்ளவர் வீட்டில் இருக்கிறார், தனிப் பூட்டு இல்லை, சாவியைப் பிரித்து வைக்க ஏற்பாடு இல்லை, மனுதாரர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை என்றால் தாராளமாக மறுக்கலாம். அது நோய்க்காக மறுத்ததாக ஆகாது, பொறுப்பின்மைக்காக மறுத்ததாக ஆகும்.

'போலீஸ் வீட்டுக்குள் வந்து யாருக்கு என்ன நோய் என்று கேட்பது அந்தரங்கத்தில் தலையிடுவது இல்லையா?' என்பது இன்னொரு பக்கத்து எதிர்வாதம். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு நோயாளியின் விவரங்களுக்கு ரகசியக் காப்பு தருகிறது. பிறருக்கு ஆபத்து, பொதுப் பாதுகாப்பு போன்ற சில சூழல்களில் மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் வெளியிடலாம் என்கிறது. தம்பியின் நோய் தம்பியுடையது. அண்ணன் லைசென்ஸுக்காக அது பக்கத்து வீட்டு விசாரணையில் பேசுபொருளாகக் கூடாது. நாளைக்கு அந்த வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வரும்போது அதன் விலையைக் கொடுப்பது வேறொருவர். எனவேதான் நோயின் பெயரைக் கேட்க வேண்டியதே இல்லை என்கிறேன். 'இந்த வீட்டில் துப்பாக்கி எட்டக் கூடாத யாராவது இருக்கிறார்களா, அவர்களுக்கு எட்டாமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்டால் போதும். பதிலில் சிறு பிள்ளையும் இருக்கலாம், குடிக்கும் மாமாவும் இருக்கலாம், மறதி வந்த தாத்தாவும் இருக்கலாம்.

'வெளிநாட்டில் இதையெல்லாம் கடுமையாகச் செய்தும் தவறு நடக்கிறதே' என்றும் கேட்கலாம். ஷாட்கன் லைசென்ஸுக்கு பிரிட்டன் காவல்துறை விரிவாகவே விசாரிக்கிறது. ஆனாலும் 2021 ஆகஸ்ட் 12 அன்று பிளிமவுத் நகரில் 22 வயது இளைஞன் தாயையும் மூன்று வயதுக் குழந்தை உட்பட மேலும் நால்வரையும் லைசென்ஸ் துப்பாக்கியால் கொன்றான். ஒரு தாக்குதல் புகாருக்குப் பிறகு பறிமுதல் செய்த அந்தத் துப்பாக்கியைச் சில வாரங்களுக்கு முன்தான் காவல்துறை திருப்பிக் கொடுத்திருந்தது. 2023-இல் மரண விசாரணை ஜூரி, காவல்துறையின் கடும் தோல்வி என்று அதைச் சொன்னது. அங்கே தவறியது உறவினரின் நோயைப் பார்க்காததால் இல்லை. கைநீட்டி அடித்த மனிதன் கையில் மறுபடி துப்பாக்கியைக் கொடுத்ததால் தவறியது. லைசென்ஸ் விசாரணையின் கூர்மை முழுவதும் மனுதாரரின் நடத்தை மேல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பிளிமவுத் சாட்சி.

'நகரத்தில் யாருக்கு எதற்குத் துப்பாக்கி?' என்பது கடைசிக் கேள்வி. நியாயமான கேள்வி, என் சொந்த விருப்பமும் லைசென்ஸ்கள் குறைய வேண்டும் என்பதே. பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லைக்கு விவசாயி துப்பாக்கி கேட்பதைக்கூட, 2025 ஜனவரியில் அரசு அறிவித்த நடைமுறை பெருமளவு தேவையற்றதாக்கிவிட்டது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம். ஆனால் லைசென்ஸே கூடாது என்று சட்டம் சொல்லாதவரை, வங்கி வாசலில் கன்மேன் வேலைக்கு ஆள் தேவைப்படுகிறவரை, யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் முறை நியாயமாக இருந்தாக வேண்டும். அந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியத்தோடு இன்னொரு சம்பளம் தேவைப்படும் முன்னாள் படைவீரர்கள். நோயாளியைக் கைவிடாமல் வைத்துப் பார்த்துக்கொள்வதற்காகவே ஒருவருக்கு வேலை பறிபோகக் கூடாது.

┌──────────────
பெட்டிச் செய்தி: லைசென்ஸ் உள்ள வீட்டுக்கு

துப்பாக்கி ஓர் இடம், தோட்டா வேறிடம், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. சாவிகள் லைசென்ஸ்தாரர் உடம்போடு இருக்கட்டும். ஆணியிலோ சாமி அறையிலோ வேண்டாம்.

வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால், திடீரென ஒதுங்கினால், குடி கூடினால் அன்றைக்கே துப்பாக்கியைப் பாதுகாப்பில் வைக்க அனுமதியுள்ள ஆயுத வியாபாரியிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும் டெலி மானஸ்: 14416. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண்: 104.
└──────────────

மாநகரக் காவல் ஆணையரும் மாவட்ட ஆட்சியரும் சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. விசாரணை அறிக்கையோடு துப்பாக்கி வைக்கப்போகும் இடத்தின் புகைப்படம் ஒன்று, சாவி யாரிடம் இருக்கும் என்று எழுத்தில் ஒரு உறுதி, வீட்டிலுள்ள பெண்களிடம் தனியே கேட்ட பதில், இவை மூன்றையும் இணைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். தானாக முன்வந்து துப்பாக்கியை ஒப்படைப்பவருக்கு அதனால் லைசென்ஸ் பாதிக்காது என்றும் அதே சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்கட்டும்.

மனு எழுதும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். லைசென்ஸுக்காக யாருடைய மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழிக்காதீர்கள். பூட்டும் பீரோவை முதலில் வாங்குங்கள், பிறகு மனுவைக் கொடுங்கள். உறவினரின் நோயைச் சொல்லி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.